நடுப்படி ஓலெட்டும் மாமாவின் மூக்குக்கண்ணாடியும்

எங்கள் வீட்டுச் சோபாவுக்குக் கால்கள் இல்லை. அதில் உட்காருபவர்கள் முதலில் ஒரு "ஆ" போடுவார்கள். எதிர்பார்த்ததைவிட ஒரு சாண் கீழே போனால்தான் இருக்கை வரும். எழும்பும்போது இன்னொரு "ஆ". வந்தவர்களுக்கு நான் விளக்கம் சொல்வதில்லை. மனைவி சொல்லுவாள்.

சோபாவைத் தெரிவு செய்தவன் நான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம் என்பதும், எங்கள் லிப்டுக்குள் மூன்று பேர் நின்றாலே நடுவில் நிற்பவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதும் கடையில் நிற்கும்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. இரண்டு கிழமை அது கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் கிடந்தது. அந்த இரண்டு கிழமையும் கொழும்பிலேயே வசதியாக இருந்த காவலாளி எங்கள் காவலாளிதான். கடைசியில் மனைவியின் அண்ணன் கிருலப்பனையிலிருந்து மரம் அறுக்கும் வாளோடு வந்து, நாலு காலையும் அறுத்து, படிக்கட்டு வழியாக ஏற்றிவிட்டுப் போனார். போகும்போது அவர் சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால் நான் இவ்வளவு பாதிக்கப்பட்டிருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து வீட்டுக்கு எந்தச் சாமான் வாங்கினாலும் அந்த மச்சானைக் கேட்டுத்தான் வாங்குவது. மின்விசிறி அவர் தெரிவு. அரிசி வாளி அவர் தெரிவு. கால் துடைக்கும் பாய்கூட.

பிறகு எங்கள் தொலைக்காட்சி செத்தது. கடல் காற்றுக்கு எங்கள் வீட்டில் நீண்ட ஆயுள் உள்ள மின்சாதனம் எதுவும் கிடையாது. உப்பு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ஆனால் இது மாமா வைத்திருந்த தொலைக்காட்சி. மாமா என்றால் மனைவியின் அப்பா. கடைசி ஆறு வருடம் எங்களோடுதான் இருந்தார். எட்டு மணிச் செய்தியைப் பிளாஸ்டிக் கதிரையில் நிமிர்ந்து இருந்து பார்ப்பார். என் சோபாவில் ஒரு நாளும் அவர் இருந்ததில்லை. "தம்பி, இதில இருந்தா எழுப்பிறதுக்கு ரெண்டு பேரைப் பிடிக்கவேணும்" என்பார், மிகவும் மரியாதையாக.

அவர் காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. முதல் வருட ஆட்டைத் திவசம் எங்கள் வீட்டில். அதற்கு முன் புதுத் தொலைக்காட்சி வந்துவிட வேண்டும் என்றாள் மனைவி. அப்பா இருந்து பார்த்த மூலை வெறும் சுவராகக் கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மச்சானுக்கு ஒரு போன் கோல் எடு" என்றேன்.

"இல்லை. இந்த முறை நீங்களே பாருங்கோ."

நான் திரும்பிப் பார்த்தேன். பகிடி விடுகிற முகம் இல்லை.

"ஒருக்கால் சந்தர்ப்பம் தாறன்" என்றாள். "இது சரியா வந்தா இனி வீட்டுச் சாமான் எல்லாம் உங்கட பொறுப்பு. பிழைச்சுதெண்டா, சாகும்வரைக்கும் அண்ணாதான். பல்லு மினுக்கிற பிறஷ் உட்பட."

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு ஆணுக்குக் கிடைக்கக்கூடிய கடைசிப் பதவி உயர்வு அதுதான் என்று எனக்குப் பட்டது.

கடையில் மூன்று தொலைக்காட்சிப் பெட்டிகள் வரிசையாகச் சுவரில் தொங்கின. மூன்றிலும் ஒரே கிளி. கிளி சிறகை விரித்தது, மூன்றும் விரித்தன. விற்பனையாளர் நல்ல மனிதர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூப்பு, தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

"வாங்க சேர். இது மூணும் ஓலெட் டிவிதான். அடிப்படி, நடுப்படி, மேல்படி. கறுப்பு மூணுலயும் ஒண்ணுதான். ராவுல ஆத்துத் தண்ணிய பாருங்க, என்னா கறுப்பு."

பார்த்தேன். கிளி போய் இரவு நேரத்து ஆறு வந்திருந்தது. இந்தக் கறுப்பை நாங்கள் மின்வெட்டுக் காலத்தில் மாதக்கணக்காக இலவசமாகப் பார்த்தவர்கள். ஆனாலும் மரியாதைக்காக "ஆ" என்றேன், சோபாவில் உட்கார்ந்தவன் மாதிரி.

"அப்ப வித்தியாசம் என்ன நானா?" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது.

"வெளிச்சம். மேல போகப் போக வெளிச்சம் கூடும். ஒங்கட ஹோல்ல வெயில் வருமா?"

"கடல் பக்கம். பின்னேரம் சூரியன் உள்ளுக்கு வந்து தேத்தண்ணி கேக்கும்."

"அப்ப மேல்படி எடுங்க." மூன்றையும் அணைத்தார். "இப்ப முன்னுக்கு வந்து நில்லுங்க."

நின்றேன். அடிப்படியில் ஒரு தொப்பைக்காரன் தெரிந்தான். நடுப்படியில் அதே தொப்பைக்காரன், அதே கவலை. மேல்படியில் யாருமே இல்லை. மங்கிய கறுப்பு மட்டும்.

"இதுல மினுக்கம் எடுத்த கண்ணாடி. எந்த வெயிலுக்கும் ஒங்கட மூஞ்சி தெரியாது. மத்த ரெண்டும் நெலக்கண்ணாடி மாதிரி."

தன் முகம் தெரியாமல் இருப்பதற்காக மேலதிகமாகக் கொடுக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை. ஆனால் விலைச்சீட்டைப் பார்த்தபோது, அந்தக் காசுக்கு முகத்தையே மாற்றிவிடலாம் போலிருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் யோசித்த யோசனையை மனிதர்கள் பொதுவாக மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுதான் யோசிப்பார்கள். பஸ்ஸில் ஏறினால் போனில் விமர்சனம். ஒருவர் அடிப்படியே போதும், மேலே போகிறவன் மடையன் என்றார். அடுத்தவர் அடிப்படி வாங்கியவன் வாழ்க்கை முழுக்க அழுவான் என்றார். இரண்டு பேரையும் நான் நம்பினேன். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரம் கல்கிசைக்குப் போய்த் திரும்பி வந்தேன்.

வீட்டில், பெட்டியின் அளவுக்குப் பத்திரிகைத் தாள்களை ஒட்டிச் சுவரில் பொருத்திப் பார்த்தேன். சோபா பதிந்திருப்பதால் எந்த உயரம் சரி என்று தெரியவேண்டும். தாளை மேலே ஏற்றி, கீழே இறக்கி, சோபாவில் ஒரு "ஆ", எழும்பி ஒரு "ஆ". மனைவி வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"இஞ்சாருங்கோ, என்ன இது?"

"ஐம்பத்தைந்து அங்குலம்."

"அதில்லை. சுவர் முழுக்கச் செத்த ஆக்கள்!"

அப்போதுதான் பார்த்தேன். நான் ஒட்டியது முழுவதும் மரண அறிவித்தல் பக்கங்கள். எங்கள் ஹோலில் பன்னிரண்டு பேர் மாலையோடு இருந்தார்கள்.

"கிழியுங்கோ அதை. வீட்டில ஒருத்தற்ற திவசம் போதும்."

மூன்றாம் தரம் கடைக்குப் போனபோது வாசலில் நின்ற காவற்காரர் உள்ளே திரும்பி, "மெயா ஆயெத் ஆவா" என்றார். இவன் திரும்பவும் வந்துவிட்டான் என்று சிங்களத்தில் அறிவிக்கப்பட்டுத்தான் நான் உள்ளே போகவேண்டியிருந்தது. கிளி மூன்றும் என்னை அடையாளம் கண்டது போலத் தலையைச் சரித்தன.

சரி, சொந்தக் கண்ணால் ஒரு வீட்டில் பார்த்துவிடுவோம் என்று கொட்டாஞ்சேனைக்குப் போனேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் என்னோடு ஒரே கந்தோரில் இருபது வருடம் வேலை செய்த நண்பன் ஓலெட் வைத்திருந்தான். அடிப்படி. தேவாலயத்துக்குப் பின்னால் அவன் வீடு. போனவுடன் கேக்கும் இஞ்சித் தேநீரும் வந்தன. படம் அருமையாக இருந்தது. ஒரு அடிதடிக் காட்சி ஓடியது. ஆனால் மேலே வலது மூலையில் ஏதோ.

"அது என்ன?"

"சிலுவை" என்றான் அவன், சாதாரணமாக.

"படத்திலயா?"

"இல்ல ஐசே, டிவியில." தொலைபேசியிலிருந்து வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினான். மூலையில் மெல்லிய சிலுவை, அழித்துவிட்டும் போகாத பென்சில் கோடு மாதிரி. "அம்மாவுக்கு நடக்க முடியாம இருந்த காலம் முழுக்கக் காலையும் பின்னேரமும் பூசை நேரலைதானே. அந்தச் சானல்ட அடையாளம் அது. வெள்ளை நிறம். ஒரே எடத்துல அசையாம நிண்டு நிண்டு உள்ளுக்கு எறங்கிட்டுது."

"போகாதா?"

"போகாது. இப்ப எந்த வில்லன் வந்தாலும் தலைக்கு மேல சிலுவை."

"அவனுகளும் திருந்தட்டும்" என்றார் அவன் மனைவி குசினியிலிருந்து.

"ஃபாதர் வந்து பார்த்தாரு. நல்ல எடத்துலதான் விழுந்திருக்கு எண்டு சொல்லிட்டுக் கேக் சாப்பிட்டுப் போனாரு. நீ கவனம் ஐசே. வெள்ளைதான் பொல்லாதது. அசையாத வெள்ளை."

அசையாத வெள்ளை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த இரண்டு சொல்லும் என் காதுக்குள் இருந்தன. அவனுக்கு விசுவாசம் இருந்தது, தாங்கினான். எனக்கு இருந்தது மச்சான்.

நான்காம் தரம் கடையில் நேராகக் கேட்டேன். நானா பெருமூச்சு விட்டார்.

"எல்லாத்துலயும் காவல் இரிக்கி சேர். படம் அசையாம நிண்டா தானா மங்கும். ஆனாலும் மணிக்கணக்கா ஒரே படத்த போட்டு வெக்காதீங்க. யாரு வெக்கப் போறா, செல்லுங்க?"

"அதுதானே" என்றேன். "யார் வைக்கப் போகினம்?"

நடுப்படியை எடுத்தேன். அடிப்படி எடுத்தால் மச்சான் என்னைக் கஞ்சன் என்று நினைப்பார்; மேல்படி எடுத்தால் மடையன் என்று நினைப்பார். நடுப்படி ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. அதனால் அதில் பிழை பிடிக்கவும் வழியில்லை. நானா என் கையைப் பிடித்துக் குலுக்கிய விதத்தில் வாழ்த்தைவிட விடுதலைதான் அதிகம் இருந்தது.

பெட்டி லிப்டுக்குள் போகவில்லை. ஆனால் அதை நான் முன்கூட்டியே அளந்து, போகாது என்று தெரிந்து, படிக்கட்டுக்கு ஆள் ஒழுங்கு செய்திருந்தேன். திருப்பத்தில் அது வழுக்கிக்கொண்டு திரும்பியபோது என் கண் கலங்கியது.

திவச நாள் காலை. மனைவி விடிய எழும்பிச் சமையல். வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம், மாமாவுக்குப் பிடித்ததெல்லாம். ஐயர் வந்து தர்ப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மகன் என்ற முறையில் கிரியை செய்யவேண்டிய மச்சான் வேட்டியோடு வந்தார். வந்ததும் சுவரைப் பார்த்தார். நான் ஒன்றும் தெரியாதவன் போலப் பூவை ஒழுங்குபடுத்தினேன்.

"நடுப்படியோ மச்சான்?"

"ஓம் மச்சான்."

"ம்."

அந்த "ம்"மை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று நான் யோசிப்பதற்குள் மனைவி கேட்டாள்: "அண்ணா, அப்பாட படம் எங்க?"

மச்சானின் முகம் மாறியது. மாமாவின் படத்தைப் பெருப்பித்துப் பிறேம் போடுவது அவர் பொறுப்பு. "கடைக்காரன் நேற்றுத் தாறன் எண்டான். போனா, கண்ணாடி வெடிச்சுப்போச்சு, நாளைக்கு வாங்கோ எண்டுறான்." போனை எடுத்துக் காட்டினார். "இதுக்குள்ள இருக்கு."

போனுக்குள் மாமா தீப்பெட்டி அளவில் இருந்தார். படம் இல்லாமல் எப்படிப் படைப்பது? மனைவியின் கண் நிறைந்துவிட்டது. மச்சான் தலையைக் குனிந்தார். அவர் பிழை விட்டதை வாழ்க்கையில் முதல் தரம் அன்றுதான் பார்க்கிறேன். வெற்றி தலைக்கு ஏறிவிட்டது.

"இதுக்கேன் யோசிக்கிறியள்?" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. "இந்த ரீவி எதுக்கு வாங்கினது?"

ஒரு நிமிடத்தில் மாமா சுவரில் வந்தார். ஐம்பத்தைந்து அங்குலம். வெள்ளைச் சட்டை, வழுக்கைத் தலை, தடித்த மூக்குக்கண்ணாடி. ஒவ்வொரு நரையும் தெரிந்தது. மனைவி கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். மச்சான் என் தோளில் கை வைத்தார். ஐயர்கூட, "ஆள் உயிரோட இருக்கிற மாதிரி" என்றார்.

மனைவி மல்லிகைச் சரத்தைத் தொலைக்காட்சியின் மேல் போட்டாள். கீழே குத்துவிளக்கு ஏற்றினாள். மந்திரம் தொடங்கியது. நான் கையைக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றேன்.

அப்போதுதான் மாமாவின் சட்டையைக் கவனித்தேன்.

வெள்ளை. அசையாத வெள்ளை.

மாமா உள்ளுக்கு இறங்கிக்கொண்டிருந்தார். இனி எங்கள் வீட்டில் எட்டு மணிச் செய்தி வாசிப்பவர் மாமாவின் சட்டைக்குள் இருந்துதான் வாசிப்பார். கிரிக்கெட் பந்து மாமாவின் கண்ணாடிக்குள் போய் மறையும். நான் எதைப் பார்த்தாலும், பின்னால் அவர் நிமிர்ந்து இருந்து என்னைப் பார்ப்பார், மிகவும் மரியாதையாக. படத்தை எடுங்கோ என்று எப்படிச் சொல்வது? செத்துப்போன மாமாவைத் திவசத்தன்று சுவரிலிருந்து இறக்கச் சொன்ன மருமகன் என்று வெள்ளவத்தை முழுக்கக் கதைக்கும்.

ரிமோட்டை எடுத்து வேட்டி மடிப்புக்குள் செருகினேன். படம் கொஞ்சம் அசைந்தால் போதும். மச்சான் எள்ளும் தண்ணீரும் விடக் குனிந்த நேரம் பார்த்து ஒரு பொத்தானை அமத்தினேன். மாமா பெருத்தார். இன்னொன்று. இன்னும் பெருத்தார். இப்போது திரை முழுக்க மாமாவின் மூக்கு மட்டும் இருந்தது, இரண்டு துவாரங்களும், மேலே மல்லிகைச் சரமும்.

"என்னப்பா செய்யிறியள்?" என்றாள் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு.

"கை பட்டிட்டுது."

ஒருவாறு மாமாவைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். மச்சானின் பார்வை என் மடிப்பில் நின்றது. சில நிமிடம் போயிருக்கும். திரை தானாக மங்கத் தொடங்கியது. மெல்ல மெல்ல மாமாவின் முகம் இருளுக்குள் போனது.

"ஐயோ, அப்பா!" என்றாள் மனைவி.

மச்சான் தர்ப்பையோடு நிமிர்ந்தார். "என்ன மச்சான் இது? பிழையான சாமானோ?"

அவ்வளவுதான், பல் மினுக்கும் பிறஷ் என் கையை விட்டுப் போகிறது என்று நினைத்தேன். ஐயர் மந்திரத்தை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நடுப்படி ஓலெட்தானே? எங்கட வீட்டிலயும் இதுதான். படம் அசையாமல் நிண்டா மங்கிப்போகும், பனல் பழுதாகாமல் காப்பாற்றுறதுக்கு. நல்ல சாமான். எடுத்தவர் விசயம் தெரிஞ்ச ஆள்." என் பக்கம் தலையாட்டினார். "ஒரு பொத்தானை அமத்தினா அப்பா திரும்பி வருவார். நீங்கள் எள்ளை விடுங்கோ."

அந்த ஐயருக்கு நான் இரண்டு வடை மேலதிகமாகப் பரிமாறினேன்.

கிரியை முடிந்து, காகத்துக்கு வைத்து, நாங்களும் சாப்பிட்டு, ஐயர் போகும்போது மணி மூன்று. மாமா அதுவரை சுவரில்தான் இருந்தார்; மங்கும்போதெல்லாம் மனைவி ஓடிவந்து பொத்தானை அமத்தி எழுப்பினாள். மச்சான் பாயாசத்தின் பாரத்தோடு சோபாவில் "ஆ" என்று விழுந்தார். மேற்குச் சூரியன் பல்கனி வழியாக உள்ளே வந்து அவர் மேல் உட்கார்ந்தது.

இனித் தாங்க முடியாது. மாமாவைக் கும்பிட்டு, படத்தை எடுத்தேன். நண்பன் காட்டியது போலக் கடும் சாம்பல் நிறப் படம் ஒன்றைப் போட்டு, திரைக்கு முன்னால் முழந்தாளிட்டு, மூக்கு முட்டுகிற அளவு கிட்டப் போய்த் தேடினேன். சட்டைக் கழுத்துப்பட்டி இருந்த இடம். கண்ணாடி இருந்த இடம். ஒன்றுமில்லை. சாம்பல். சுத்தமான, புண்ணியமான சாம்பல்.

"ஒண்டும் பதியேல்லை!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"என்ன பதியேல்லை?" மனைவி பாத்திரத்தோடு வந்து எனக்குப் பின்னால் நின்றாள். வேறு வழியில்லாமல் சொன்னேன்: சிலுவை, வெள்ளைச் சட்டை, மூக்குத் துவாரம், எல்லாம். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள் மெதுவாக. "அப்பா இருக்கிறார்."

"எங்க?"

"எழும்பி இஞ்ச வந்து பாருங்கோ."

எழும்பிப் போய் அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். இருந்தார். வழுக்கைத் தலை. தடித்த மூக்குக்கண்ணாடி. வெள்ளை வேட்டி. முழுதாகப் பதிந்துவிட்டார், உட்கார்ந்த நிலையில்.

பிறகு மாமா வாயைத் திறந்து கொட்டாவி விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். பின்னால் சோபாவில், வெயிலில் பளபளத்துக்கொண்டு, மச்சான் வாயைப் பொத்தினார். இந்த ஒரு வருடத்தில் அவருக்கு முடி போனதையும், கண்ணாடி தடித்ததையும் நாங்கள் கவனிக்கவேயில்லை. திரும்பவும் திரையைப் பார்த்தோம். மினுக்கம் எடுக்காத அந்த நடுப்படிக் கண்ணாடிக்குள் மாமா அசலாக இருந்தார். மேல்படி வாங்கியிருந்தால் அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மனைவி சிரித்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு அது எது என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

"என்ன, என்ன?" என்றார் மச்சான், எழும்பப் பார்த்து, முடியாமல்.

"இருங்கோ அண்ணா. அசையாதேங்கோ. கொஞ்ச நேரம் அப்படியே இருங்கோ."

அவர் இருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "நல்ல ரீவி. இனி நீங்களே வாங்குங்கோ. பிரிட்ஜும் சத்தம் போடுது, வாற கிழமை போய்ப் பாருங்கோ."

பிரிட்ஜ். ஒரு கதவோ, இரண்டு கதவோ, தண்ணீர் வருவதோ, வராததோ.

"மச்சான்," என்றேன், "வாற கிழமை உங்களுக்கு நேரம் இருக்கோ?"

அவர் "ம்" என்றார். இந்த முறை அது என் பக்கம்தான் என்று தெரிந்தது.

ஆறு வருடம் மாமா உட்கார மறுத்த சோபா. கடைசியில் இருந்துவிட்டார், எழுப்ப இரண்டு பேர் வேண்டிய நிலையில். நான் ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை அணைத்தேன். மாமா இன்னும் தெளிவாகத் தெரிந்தார்.